உயிருள்ள நத்தைக்கு 27,000 வயதா?

அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் கரித்துண்டுகளைக் கரிமம்-14 காலக்கணிப்புக்கு அனுப்பும் முன் தூய்மைப்படுத்துவது என் பணி. உயிர் நீங்கியபின் சீராகச் சிதைந்து குறையும் இக்கரிம வகை எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை அது. பொதுக்கூட்டங்களில் இப்பணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "உயிரோடிருக்கும் நத்தைக்கே 27,000 வயது காட்டிய முறையை எப்படி நம்புவது?" என்று எவரேனும் கேட்கிறார்கள். பூமி தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்று கூறும் அமெரிக்கப் படைப்புவாதிகள் பரப்பிய கேள்வி இது.

அந்த அளவீடு உண்மைதான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தென்பகுதி ஊற்றுகளில் வாழ்ந்த நத்தைகளின் ஓடுகளை அளந்து, 1984-இல் அதை வெளியிட்டவரும் ஓர் அறிவியலாளரே. காரணத்தையும் அவரே விளக்கினார். பழம்பாறைகளின் ஊடே நெடுங்காலம் ஊறிவந்த நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரிமத்தில் கரிமம்-14 மிகக் குறைவு. அந்த நீரைக் கொண்டே நத்தை ஓட்டைக் கட்டுவதால், புதிய ஓடும் பழையதாகத் தோன்றுகிறது. காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் நெல்லுக்கும் மரத்துக்கும் இச்சிக்கல் இல்லை. அதனால்தான் கருகிய தானியம் கிடைத்தால் நாங்கள் நத்தை ஓடுகளை நாடுவதில்லை. கடற்சங்கை அளக்க நேர்ந்தால் அதற்கெனத் தனித் திருத்தம் செய்கிறோம்.

கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையானவை எனப்படும் நிலக்கரியிலும் வைரத்திலும் கரிமம்-14 தென்படுகிறதே என்பது அடுத்த கேள்வி. கரிமம்-14-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டுகள் என்பதால், 50,000 ஆண்டுகளில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே எஞ்சும். இவ்வளவு நுண்ணிய அளவில், மாதிரியைக் கையாளும்போது ஒட்டும் கரிமமும் கருவியின் பின்னணி அளவுமே வயதாகத் தோன்றிவிடும். கோடி ஆண்டுப் பழமையான பொருளில் நூற்றில் ஒரு பங்கு இன்றைய கரிமம் கலந்தால், அதன் வயது ஏறத்தாழ 38,000 என்றே வரும். உருப்பெருக்கியின் கீழ், கரித்துண்டின் வெடிப்புக்குள் மயிரிழை போல் ஊடுருவிய புல்வேரை இடுக்கியால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு என் நினைவுக்கு வரும். அதன்பின் அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவுகிறோம்.

காற்றில் கரிமம்-14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்ததில்லை என்ற ஆட்சேபமும் சரியானதே. 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிப்பி இம்முறையை வகுத்தபோது மாறா அளவையே கொண்டார். பின்னர் 12,000 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்தே ஏற்ற இறக்கங்களைக் கண்டறிந்தனர். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படிந்த மெல்லிய அடுக்குகளில் சிக்கிய இலைகள் அக்கணக்கை மேலும் பின்னோக்கி நீட்டின. இவற்றோடு குகைப் படிவுகள், பவளங்கள் ஆகியவற்றின் தரவுகளையும் சேர்த்து 2020-இல் வெளியான திருத்த வரைகோடு 55,000 ஆண்டுகள் வரை செல்கிறது. ஆய்வகம் தரும் எண்ணை அதனோடு ஒப்பிட்ட பின்னரே நாட்காட்டி ஆண்டாக எழுதுகிறோம்.