கிளெமேட்டிஸ் கொடிக்குக் கை எங்கே இருக்கிறது?

நல்ல தடிமனான கம்பமாகப் பார்த்து நட்டு, பக்கத்திலேயே கிளெமேட்டிஸ் என்ற பூக்கொடியின் கன்றையும் வைத்துவிட்டு, இது ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள் நிறையப் பேர். தப்பு கம்பத்தில்தான். பாகற்கொடிக்கு இருப்பது போன்ற பற்றுக்கம்பிகள் இதற்குக் கிடையாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும் வேர்களும் இல்லை. இலைக்காம்புதான் இதன் கை. சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு காம்பு கை கனமுள்ள கம்பத்தை எப்படி வளைத்துப் பிடிக்கும்? ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் போகாத கம்பி, குச்சி, கயிறு, வலை, இவைதான் அதற்குத் தோது. கம்பம்தான் வேண்டும் என்றால் அதைச் சுற்றி வலையைக் கட்டிவிடுங்கள், ஏறிவிடும்.

இளம் காம்புக்குத் தொடு உணர்வு உண்டு. எதன் மீதாவது உரசினால், தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கச் செல்கள் வேகமாக நீள்கின்றன, அதனால் காம்பு தொட்ட பொருளை நோக்கி வளைகிறது, வளைவதால் இன்னும் அதிக இடம் உரசுகிறது, அப்படியே ஒரு சுற்று சுற்றி, பிறகு தடித்து இறுகிவிடுகிறது. டார்வின் இதைச் சோதிக்க நூல் வளையங்களைக் காம்பில் தொங்கவிட்டுப் பார்த்தார். மொன்டானா என்ற இனத்தில் 16 மில்லிகிராம் எடையுள்ள நூலே காம்பை வளைக்கப் போதுமானதாக இருந்தது! முதிர்ந்த காம்புக்கு இந்த உணர்வு இருக்காது, ஆகவே நீண்டு தொங்கிப்போன தண்டைப் பிறகு நாம்தான் கட்டிவிட வேண்டும்.

பூவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊதாவும் வெள்ளையுமாக விரிந்திருக்கும் அந்தப் பெரிய இதழ்கள் அல்லி இதழ்களே அல்ல, மற்றச் செடிகளில் மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லி இதழ்கள்தான் இங்கே நிறம் பூசிக்கொண்டு நிற்கின்றன.

கவாத்து விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். கொடி எந்தத் தண்டில் பூக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மொன்டானா போன ஆண்டுத் தண்டில் வசந்தத்தில் பூக்கும், அதைக் குளிர்காலத்தில் வெட்டினால் மொட்டுகளையும் சேர்த்து வெட்டி எறிந்த மாதிரி, எனவே பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1862-ல் முதன்முதலாகப் பூத்த ஜாக்மனி வகையோ அந்த ஆண்டுப் புதுத் தண்டில் பூப்பது, அதைக் குளிர்காலம் முடியும் தறுவாயில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு ஈவிரக்கமில்லாமல் வெட்டலாம். வசந்தத்தில் பெரிய பூவாகப் பூக்கும் வகைகளுக்குக் காய்ந்ததை எடுத்து லேசாகத் திருத்தினால் போதும். எந்த வகை என்றே தெரியவில்லையா? சரி, ஓர் ஆண்டு வெட்டாமல் விட்டு, எப்போது பூக்கிறது என்று பாருங்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் தோலில் அரிப்பு வரும்.

தலைக்கு வெயில், காலுக்கு நிழல் என்பார்கள். நிழலைவிட வேரடியில் ஈரம் காயாமல் இருப்பதுதான் முக்கியம் என்பேன், மண்மீது மட்கு பரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

அப்புறம், நடும்போது கன்றின் அடித்தண்டு ஐந்தாறு சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகட்டும். பெரிய பூ வகைகளை ஒரு பூஞ்சை தாக்கும், நேற்றுவரை நன்றாக இருந்த தண்டு திடீரெனத் துவண்டு கருத்துப்போகும். வேர் பெரும்பாலும் சாவதில்லை. கருத்த தண்டை நல்ல பகுதிவரை, தேவையானால் தரையோடு, வெட்டி அப்புறப்படுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள், மண்ணுக்குள் புதைத்த கணுக்களிலிருந்து மறுபடி தளிர் வரும்.