பிஎஃப் பிடித்தால் மட்டும் போதாது, கட்டினார்களா என்று பாருங்கள்

சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டார்கள் என்பதாலேயே அந்தப் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பே ஸ்லிப்பை அடிப்பது கம்பெனி, கணக்கை வைத்திருப்பது இபிஎஃப்ஓ என்கிற மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி அமைப்பு. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். கம்பெனியை இழுத்து மூடிய பிறகோ வேலையை விட்டு வந்த பிறகோ பாஸ்புக்கைத் திறந்து, எட்டு மாதம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் கையெழுத்துப் போட முதலாளியும் கிடைக்க மாட்டார், கேட்டால் பதில் சொல்ல கணக்காளரும் இருக்க மாட்டார்.

சரி, விதி என்ன? 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வரை வாங்குபவரைச் சேர்க்காமல் விட முடியாது. உங்களிடமிருந்து 12 சதவீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம். ஆனால் 15,000 சம்பளக்காரர் பாஸ்புக்கைத் திறந்தால் தன் பங்கு 1,800 என்றும் முதலாளி பங்கு வெறும் 550 என்றும் இருக்கும். உடனே ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிக்க வேண்டாம், மீதி 1,250 பக்கத்துக் கட்டத்தில் பென்ஷனுக்குப் போயிருக்கும், மூன்றையும் கூட்டிப் பாருங்கள். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தால்தான் அது சட்டப்படி தப்பு.

இன்னொரு வேலையும் நடக்கும். 12,000 ரூபாய் சம்பளத்தில் அடிப்படை 6,000 என்று எழுதிவிட்டு மீதியை ஸ்பெஷல் அலவன்ஸ், அந்த அலவன்ஸ் என்று பிரித்துப் போடுவார்கள், பிஎஃப் பாதியாகக் குறையும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் பிஎஃப் கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம், போனஸ் இதில் சேராது.

பார்ப்பது எளிது. பே ஸ்லிப்பில் யுஏஎன் என்று உங்கள் பிஎஃப்புக்கான 12 இலக்க எண் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதை ஆக்டிவேட் செய்துவிட்டால் மத்திய அரசின் உமங் ஆப்பிலோ இபிஎஃப்ஓ தளத்திலோ பாஸ்புக் பார்க்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்கள், பதிவு செய்த நம்பரிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும், காசு செலவில்லை. ஒரு மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அதற்குச் சில நாள் கழித்துப் பாருங்கள். வட்டி வருடத்துக்கு ஒரு முறைதான் ஏறும், மாதாமாதம் காணவில்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. பதிவான நம்பர் உங்களுடையதுதானா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் கான்ட்ராக்டரே தன் நம்பரைப் போட்டு வைத்திருப்பார்.

அப்புறம் இந்தப் பெயர்ப் பிரச்சினை. ஆதாரில் 'முருகேசன் எஸ்', பிஎஃப்பில் 'எஸ். முருகேசன்', வங்கியில் 'முருகேசன் சுப்பையா' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது, பணம் கேட்டுப் போடும் கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிடும். குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்த படிவத்துக்குள் இனிஷியல் வைத்துப் பழகிய ஒரு மாநிலத்தையே திணிக்கிறார்கள், அதன் அலைச்சல் முழுக்கத் தொழிலாளி தலையில் விழுகிறது என்பதில் எனக்குக் கோபம்தான். கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு கிடைத்த யுஏஎன் என்றால், 2025 ஜனவரியிலிருந்து பெயர், பிறந்த தேதி போன்றவற்றை ஆன்லைனில் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் முதலாளி ஒப்புதல் வேண்டும், ஆகவே வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். புதிய யுஏஎன் எடுக்க இப்போது உமங் ஆப்பில் முகத்தைக் காட்ட வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் சொந்தப் பணத்துக்காக அடுத்தவர் போனைக் கடன் வாங்கி நிற்பது நியாயமே இல்லை.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லோடிங் வேலைக்கு கான்ட்ராக்டர் மூலம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்ட்ராக்டர் கட்டாமல் ஓடிப்போனால், வேலை வாங்கிய பெரிய நிறுவனம் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியாது, சட்டப்படி அதுதான் பிரதான முதலாளி, பொறுப்பும் அதற்குத்தான். கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ என எந்த ஆதாரம் கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அவசரம் என்றால் எடுக்கத்தான் வேண்டும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், முடிந்தவரை பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தபட்சப் பென்ஷன் என்று 2014 செப்டம்பரில் வைத்தது 1,000 ரூபாய், அதை உயர்த்தச் சொல்லிப் பென்ஷன்காரர்கள் வருஷக்கணக்கில் போராடுகிறார்கள், அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். இந்த விதிகளெல்லாம் மாற்றவே முடியாதவை என்று நினைக்காதீர்கள். 2016இல், முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அந்த ஏப்ரலில் பெங்களூருவின் கார்மென்ட்ஸ் பெண்கள், எந்தப் பெரிய சங்கமும் அழைக்காமலே, ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி ஓசூர் ரோட்டை மறித்தார்கள். ஓரிரு நாளில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. நம் எல்லாருக்கும் சேர்த்து அவர்கள் வாங்கிக் கொடுத்தது அது.

நாமினேஷன் போடாதவர்கள் இன்றே போடுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு, தொழிலாளியிடம் இதற்கென்று ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். இது இருப்பதே தெரியாமல் பிஎஃப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்கள் உண்டு.

பிரவுசிங் சென்டரில் கமிஷன் கொடுத்து கிளெய்ம் போடுவதையும் விடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து செக் படம் ஏற்றத் தேவையில்லை. அந்த ஜூனிலிருந்து அட்வான்ஸ் 5 லட்சம் வரை தானாகவே பரிசீலனையாகிறது. ஓடிபி யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்று தெரிந்தால்? நம் பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது கிரிமினல் நம்பிக்கை மோசடிக் குற்றம், வட்டியும் அபராதமும் தனி. முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு இபிஎஃப்ஓவின் ஆன்லைன் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டு அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம், கோவை, மதுரை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் அலுவலகம் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறார்கள். பே ஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட், பாஸ்புக் பிரின்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் அதே கம்பெனியில் பாதிக்கப்பட்ட நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு.