எழுதிய நிறம் ஏன் வரவில்லை?

உங்கள் வலைத்தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்தத் தொகுப்பான தீமில் வரும் தலைப்பின் நிறம் பிடிக்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதிச் சேமித்து, பக்கத்தை ரீலோட் செய்கிறீர்கள். பழைய நிறம் அப்படியே நிற்கிறது. கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல், காரணமாக இருக்கலாம். அதை அழித்த பிறகும் மாறவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் வரி பிரவுசருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு வரியிடம் தோற்றிருக்கும்.

ஒரே தலைப்புக்குப் பல இடங்களிலிருந்து விதிகள் வருகின்றன. பிரவுசர் தானாக வைத்திருப்பது ஒன்று, தீம் எழுதியவருடையது ஒன்று, தளத்தில் நிறுவிய துணை நிரலான பிளகின் சேர்ப்பது இன்னொன்று, அப்புறம் உங்களுடையது. இவற்றில் எது செல்லும் என்று தீர்மானிக்கும் முறைதான் கேஸ்கேட். ஹோகொன் வியும் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தபோதே, பக்கத்தின் தோற்றத்தில் எழுதுபவர், படிப்பவர் இருவருக்கும் பங்கு வேண்டும் என்று நினைத்தார். அந்தப் பங்கீட்டுக்காக வந்த ஏற்பாடு இது.

தீமின் விதியும் உங்கள் விதியும் ஒரே தரப்பாகவே எண்ணப்படும். அதனால் அடுத்து செலக்டரின், அதாவது விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதியின், எடை பார்க்கப்படுகிறது. எடையை மூன்று எண்களாக எழுதுவார்கள்: ஐடி (ஓர் உறுப்புக்கு மட்டுமான பெயர்), கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயர்), டேக் (உறுப்பின் வகை). நீங்கள் வெறும் 'எச்2' (இரண்டாம் நிலைத் தலைப்புக்கான டேக்) என்று எழுதினால் எடை 0-0-1. தீமில் 'என்ட்ரி-கன்டென்ட்' என்ற கிளாஸுக்குள் இருக்கும் எச்2 என்று எழுதியிருந்தால் 0-1-1. இடப்பக்கத்திலிருந்து ஒப்பிடுவதால் தீம் ஜெயிக்கிறது. எண்களின் இடமதிப்பு போலத்தான், ஆனால் இங்கே மிகுதி அடுத்த இடத்துக்கு ஏறாது. பத்து டேக் பெயர்களை அடுக்கினாலும் ஒரு கிளாஸுக்கு ஈடாகாது. எடை சமமானால் மட்டுமே, பின்னால் வரும் வரி வெல்லும். 'கடைசியில் எழுதியது செல்லும்' என்று பலர் நம்புவது இந்தப் பாதி உண்மையால்தான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். தலைப்பின்மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்டைத் திறந்தால், தோற்றுப்போன வரி கோடு அடித்துக் கிடக்கும். வென்ற வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்றும் தெரியும். அந்த செலக்டரை அப்படியே எடுத்து உங்கள் வரியில் போடுங்கள். தீமுக்குப் பிறகு உங்கள் கோப்பு லோட் ஆகுமானால் இதுவே போதும்.

பலர் இந்த வேலையைச் செய்யாமல் வரிக்கு வரி 'இம்பார்ட்டன்ட்' என்று, எடையை மீறி வெல்ல வைக்கும் குறியை, ஒட்டிவிடுகிறார்கள். உடனே பலன் கிடைக்கும், சரி. ஆனால் நாளைக்கு அதையே மாற்ற இன்னொரு இம்பார்ட்டன்ட் தேவைப்படும். 1998இல் வந்த சிஎஸ்எஸ்2, படிப்பவர் வைக்கும் இம்பார்ட்டன்டுக்கு எழுதுபவருடையதைவிட அதிக உரிமை தந்தது. எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிக்க முடியும் என்பவர்களின் தேவையை நினைத்துச் செய்த மாற்றம் அது. அப்படிப்பட்ட ஒரு கருவியைத் தலைப்பு நிறத்துக்காக வீணாக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

புதிய தீம்கள் பலவற்றில் வேலை இன்னும் எளிது. நிறங்களும் எழுத்தளவுகளும் மாறிகளாக, அதாவது பெயரிட்டு வைத்த மதிப்புகளாக, ஒரே இடத்தில் இருக்கும். அங்கே ஒன்றை மாற்றினால் பட்டன், இணைப்பு, தலைப்பு எல்லாம் சேர்ந்து மாறும். முதலில் அதைத் தேடுங்கள். தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2021இல் 5.8 பதிப்போடு கொண்டுவந்த தீம்.ஜேசன் கோப்பு இதற்கானதுதான்.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். தீமின் சொந்தக் கோப்பில் கை வைத்தால், அடுத்த அப்டேட்டில் அந்த ஃபோல்டரே மாற்றி எழுதப்பட்டு உங்கள் உழைப்பு போய்விடும். வேர்ட்பிரஸில் அதற்கு வழி, மூலத் தீமைச் சார்ந்து நிற்கும் சைல்ட் தீம். தனி ஃபோல்டர் ஒன்றில் ஒரு ஸ்டைல் கோப்பு. அதன் தலைப்பகுதியில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயர். பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எந்த டெம்ப்ளேட் கோப்பையும் வேர்ட்பிரஸ் முதலில் சைல்டில் தேடும், இல்லாவிட்டால்தான் மூலத்துக்குப் போகும்.

தீமின் நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. இரண்டுமே ஓடும், அதிலும் சைல்டுடையது முதலில். மூலத் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பை முழுவதும் நகலெடுத்து வைத்தால், ஒரே ஃபங்ஷன் இரண்டு முறை அறிவிக்கப்பட்டுத் தளமே திறக்காமல் போகலாம். புதிதாகச் சேர்க்கும் ஃபங்ஷனை மட்டும், அதற்கு வேறு பெயர் வைத்து எழுதுங்கள்.