எரர் வெக்டர் மேக்னிட்யூட்: தமிழில் என்ன சொல்வது?

வைஃபை, 4ஜி, 5ஜி கருவிகளைச் சோதிப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் ஈ.வி.எம். (வாக்குப்பதிவு இயந்திரம் இல்லை!) விரித்துச் சொன்னால் எரர் வெக்டர் மேக்னிட்யூட். அனுப்பிய அலை சரியான வடிவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் அளவீடு.

டிஜிட்டல் பண்பேற்றத்தில் (தரவை அலைமேல் ஏற்றும் முறையில்) அனுப்பப்படும் ஒவ்வொரு குறியீடும் ஒரு வரைதளத்தில் ஒரு புள்ளி. அலையின் வீச்சும் கட்டமும் (ஃபேஸ்) சேர்ந்து அதன் இடத்தைத் தீர்மானிக்கின்றன. க்யூ.ஏ.எம். என்பது அப்படியொரு பண்பேற்ற முறை: 16 க்யூ.ஏ.எம். என்றால் 16 புள்ளிகள், 256 க்யூ.ஏ.எம். என்றால் 256. ஆனால் எந்தக் குறியீடும் தனக்குரிய புள்ளியில் அச்சாக விழுவதில்லை. அலையியற்றியின் (ஆஸிலேட்டர்) கட்ட இரைச்சல் புள்ளிகளைச் சுழற்றிவிடும். திணறும் பெருக்கி வெளிப்புறப் புள்ளிகளை உள்ளே இழுத்துவிடும். விழவேண்டிய இடத்திலிருந்து விழுந்த இடத்துக்கு ஓர் அம்பு வரையுங்கள். அதுதான் எரர் வெக்டர்.

இந்த அம்பு நீளங்களின் சராசரி இருமடி மூலத்தை (ஆர்.எம்.எஸ்.), பிழையற்ற குறியீடுகளின் சராசரி இருமடி மூலத்தால் வகுத்துச் சதவீதமாகவோ டெசிபெல்லாகவோ சொல்வார்கள். 10% என்றால் -20 டெசிபெல். 1% என்றால் -40. புள்ளிகள் நெருங்க நெருங்க வரம்பும் இறுகும். 5ஜி பேஸ் ஸ்டேஷனுக்கு நான்கே புள்ளிகள் கொண்ட க்யூ.பி.எஸ்.கே.யில் 17.5% வரை பொறுத்துக்கொள்வார்கள், 64 க்யூ.ஏ.எம்.மில் 8%, 256-இல் 3.5% தான்.

இனி சொல்லுக்கு வருவோம். 'எரர்' லத்தீனில் அலைவதையும் வழிதவறுவதையும் குறித்த வினையிலிருந்து வந்தது. இடம் மாறி விழும் புள்ளிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 'வெக்டர்' அதே மொழியில் 'சுமப்பவர்'. அதை இன்றைய கணிதப் பொருளில் 1840-களில் புழங்கவிட்டவர் ஹாமில்டன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் 'காவி' என்கின்றன. காவுதல் என்றால் சுமத்தல், ஆக மூலத்துக்கு நேர். மற்றவர்களுக்கோ காவி என்றதும் நிறம்தான் கண்ணில் நிற்கும். 'திசையன்' பரவலாகப் புரிகிறது. ஆனால் திசையை உதறிவிட்டு நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் அளவீட்டுக்கு அந்தப் பெயர் என்பதில் சின்ன முரண் இருக்கிறது.

'மேக்னிட்யூட்' தான் சிக்கல். 'அளவு' என்றால் எத்தனை திசையன்கள் என்ற மயக்கம் வரும். 'பருமன்' கன அளவையும் குறிக்கும். இயற்பியல் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள 'எண்மதிப்பு' தெளிவானது. எனவே என் தேர்வு 'பிழைத் திசையன் எண்மதிப்பு'.

எழுதும்போது ஒற்றில் கவனம் வேண்டும். 'பிழைத்த திசையன்' என்று கை தவறினால் அது உயிர் தப்பிய திசையன் ஆகிவிடும்.