டவர் இல்லாத பாறைநாட்டில் மொபைல் எப்படி வழி காட்டுகிறது?

வெளிநாட்டில் கார் எடுத்துக்கொண்டு பாறை ஏறக் கிளம்புகிறவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது: நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? நன்றாகவே செய்யும். சிம்மைக் கழற்றிவிட்டாலும் செய்யும், ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் செய்யும். இடம் கண்டுபிடிக்கும் வேலையில் மொபைல் எதையும் அனுப்புவதில்லை, வானிலிருந்து வருவதைக் கேட்க மட்டுமே செய்கிறது. நெட் போனதும் கூடவே போய்விடுகிற சங்கதிகள் வேறு. அவை எவை என்று தெரிந்துவிட்டால், முன்கூட்டியே கையோடு எடுத்துப் போகலாம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் கடிகார நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் இருந்தால் இடத்தைக் கணக்கிடலாம். ஆனால் மொபைலின் கடிகாரம் மலிவானது, அணுக்கடிகாரம் அல்ல. ஒரு மைக்ரோ வினாடி தவறினாலே 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் நான்காவது செயற்கைக்கோள் ஒன்றும் வேண்டும். அதை வைத்துத்தான் மொபைல் தன் கடிகாரப் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுகிறது.

இதில் நெட்டுக்கு எங்கே வேலை? செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் முழு விவரம் வந்து சேர ஏறத்தாழ 30 வினாடி ஆகும். நடுவில் சிக்னல் அறுந்தால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையையும் வானிலிருந்தே வாங்குவதென்றால் 12.5 நிமிடம். ஊரில் இருக்கும்போது இந்த விவரங்களை மொபைல் நெட்வொர்க் நொடியில் கொடுத்துவிடுகிறது, நாம் கவனிப்பதுகூட இல்லை. விமானத்திலிருந்து இறங்கி, டேட்டா இல்லாமல், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மொபைலைத் திறந்தால் அது எல்லாவற்றையும் மெதுவான வழியில்தான் வாங்கியாக வேண்டும். நீலப்புள்ளி வராததைப் பார்த்து ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். திறந்த வெளியில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், அசையாமல் சில நிமிடம் வைத்திருந்தால் போதும். சுற்றுப்பாதை விவரம் சுமார் 4 மணி நேரத்துக்குச் செல்லுபடியாகும். எனவே பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது வரைபடம். படத்துண்டுகளாகச் சேமித்தால், ஒவ்வொரு முறை ஒரு படி பெரிதாக்கும்போதும் துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும், மொபைல் தாங்காது. அதனால் ஆஃப்லைன் வரைபடங்கள் சாலையைப் படமாக வைப்பதில்லை. புள்ளிகளின் வரிசையாக வைத்துக்கொண்டு, திரையில் அப்போதைக்கப்போது வரைந்துகொள்கின்றன. அந்த வரிசையிலேயே எந்தச் சாலை எதோடு சேருகிறது என்ற விவரமும் இருக்கும். 1959இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறுக்குவழிக் கணக்கும் அதன் வாரிசுகளும் மொபைலுக்குள்ளேயே ஓடி, பாதையைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் எல்லாச் செயலிகளும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. கூகுள் மேப்ஸில் பகுதியை இறக்கி வைத்தால் கார் வழி கிடைக்கும், நடைவழி கிடைக்காது. பாறைக்குப் போகிறவருக்குக் கடைசிக் கிலோமீட்டர் நடைதானே! ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்றவற்றில் ஒற்றையடிப் பாதைகளும் இருக்கும், அவற்றின் வழி நடந்துபோகும் பாதையும் ஆஃப்லைனிலேயே கிடைக்கும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். மண் சாலை எவ்வளவு கெட்டி என்பதை ஐந்து தரமாகக் குறிக்கும் வழக்கமும் அதில் உண்டு. வாடகைக் காரைக் கரடுமுரடான பாதையில் இறக்கும் முன் அந்தக் குறிப்பைத் தொட்டுப் பார்ப்பது என் கண்ணில் மிக முக்கியமான பழக்கம்.

வரைபடத்தில் மேடுபள்ளம் காட்டும் உயரக்கோடுகளை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த தரவுதான் பல செயலிகளில் அடிப்படை. அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு அளவு. நேர்க்குத்தான 25 மீட்டர் பாறைச்சுவர் இரண்டு அளவுகளுக்கு இடையில் விழுந்தால், வரைபடத்தில் அது வெறும் சரிவாகத்தான் தெரியும். அந்த அளவீடு வடக்கே 60 பாகை வரைதான் போனது. பாறையேற்றத்துக்குப் பேர்போன நார்வேயின் லோஃபோடன் தீவுகள் 68 பாகையில் இருக்கின்றன, அங்கே வேறு தரவுதான் கைகொடுக்க வேண்டும்.

சரி, எல்லாம் இறக்கியாயிற்று. பாறையடிக்கு வந்ததும் புள்ளி ஏன் தாவுகிறது? சுவர் பாதி வானத்தை மறைக்கிறது. மொராக்கோவின் தோத்ரா பள்ளத்தாக்கு மாதிரி இரண்டு பக்கமும் சுவர் எழுந்து நின்றால், ஒரு பட்டை வானம்தான் மிச்சம். தெரிகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வரிசையாக இருக்கும். அதனால் நீளவாக்கில் உங்கள் இடம் ஓரளவு சரியாக வரும், குறுக்குவாட்டில் சறுக்கும். நீங்கள் இந்தக் கரையில் நிற்க, புள்ளி அந்தக் கரையில் நிற்கும். போதாததற்கு, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் கூடுதல் தூரம் பயணித்து வருகிறது. மொபைலுக்கு அது தெரியாது, செயற்கைக்கோள் அவ்வளவு தள்ளி இருப்பதாக எண்ணிக்கொள்ளும். 2018 முதல் வரத் தொடங்கிய இரட்டை அலைவரிசை மொபைல்களில் இந்தத் தொல்லை குறைவு. அவை கூடுதலாகக் கேட்கும் இரண்டாவது அலைவரிசையான எல்5 சிக்னலின் துடிப்புகள் பழைய சிக்னலைவிடப் பத்து மடங்கு நெருக்கமானவை. எனவே நேராக வந்ததையும் எதிரொலியையும் பிரித்தறிவது எளிது.

இப்படிப்பட்ட இடத்தில் உயரம் பெரிய துணை, ஆனால் ஜிபிஎஸ் சொல்லும் உயரம் அல்ல. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேல்தான் உள்ளன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரத்தில் பிழை எப்போதும் கூடுதல். பல மொபைல்களிலும் கைக்கடிகாரங்களிலும் காற்றழுத்தமானி இருக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். கார் நிறுத்துமிடத்தின் உயரத்தை வைத்துச் சரிசெய்துகொண்டு ஏறினால், “120 மீட்டர் ஏறியதும் இடப்பக்கம் பிரியவும்” என்று வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் திருப்பத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம். வானிலை மாறினால் அழுத்தமும் மாறும், எனவே மறுநாள் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

அப்புறம், ஆயத்தொலைவு எண்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் சில பாகையும் தசமமுமாகத் தரும், சில பாகையும் நிமிடமுமாகத் தரும். வடக்கு அட்சரேகை 36 பாகை 57.30 நிமிடம் என்பதை 36.5730 என்று தட்டினால் கதை முடிந்தது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், எனவே சரியான எண் 36.955. வித்தியாசம் 0.382 பாகை, அதாவது தெற்கே சுமார் 42 கிலோமீட்டர். தீவு ஒன்றில் இந்தத் தவறு நடந்தால் புள்ளி கடலில் விழுந்து, உடனே கண்ணில் படும். மலைநாட்டில் அது இன்னொரு பள்ளத்தாக்கில் விழும், செயலியும் தயங்காமல் அங்கே வழி சொல்லும். எனவே நெட் இருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கி, அங்கே கார் நிறுத்த இடம் தெரிகிறதா, பாறையின் நிழல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.