பிரெய்ரி: புல்வெளி என்றால் போதுமா?

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிசை பலருக்கு இன்னும் நாக்கில் இருக்கும்: வட அமெரிக்காவுக்குப் பிரெய்ரி, யுரேசியாவுக்கு ஸ்டெப்பி, அர்ஜென்டினாவுக்குப் பாம்பாஸ், தென்னாப்பிரிக்காவுக்கு வெல்டு. 'பொருத்துக' கேள்விக்கு அது போதும். பிரெய்ரியைத் தமிழில் சொல் என்றால் 'புல்வெளி' என்று முடித்துவிடுவோம். அங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. இலத்தீனில் 'பிராட்டும்' என்றால் புல் வளரும் மேய்ச்சல் நிலம். அதன் வழியில்தான் பிரெஞ்சுக்குப் 'பிரெய்ரி' வந்தது. ஸ்பானியத்தில் அதே வேர் 'பிராடோ' ஆனது. மாட்ரிட்டில் ஓவியம் பார்க்கப் போகிறோமே, அந்தப் பிராடோ அருங்காட்சியகத்தின் பெயரும் அங்கே இருந்த புல்நிலத்திலிருந்து வந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டில் பெரிய ஏரிகளைத் தாண்டி மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் வந்த பிரெஞ்சு வணிகர்களும் பாதிரிமார்களும், மரமே இல்லாமல் அடிவானம்வரை புல் நிற்பதைப் பார்த்தார்கள். சொந்த ஊரில் மாடு மேயும் துண்டு நிலத்துக்கு வைத்திருந்த பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர்களின் 'மெடோ' அந்தப் பரப்புக்குப் போதாமல் போனதால், அவர்களும் பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பிரான்சில் இன்றும் பிரெய்ரி என்றால் சாதாரண மேய்ச்சல் புல்நிலம்தான்.

(புல் விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடமும் கடன்பட்டவர்கள். 'வெட்டிவேர்' என்ற நம் சொல் பிரெஞ்சு வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போனது.)

பிரெய்ரி எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. மேற்கே ராக்கி மலைகளின் மழைமறைவில் குட்டைப் புல். கிழக்கே போகப் போக மழை கூடும், புல்லும் உயரும். இல்லினாய், அயோவா பக்கம் வந்தால் 'பிக் புளூஸ்டெம்' புல் ஆளை மறைக்கும். அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் 'வான்கோழிக்கால்' என்றும் அங்கே சொல்வார்கள். நம் சோளம், கரும்பு, வெட்டிவேர் எல்லாம் இந்தப் புல்லுக்கு உறவு. வேரும் அப்படித்தான், ஆழமாக இறங்கும். அந்த வேர்கள் மக்கி மக்கித்தான் அந்த மண் கறுத்தது. உழவுக்கு ஏற்ற அந்தக் கறுத்த மண்ணே கடைசியில் வினையானது. 1837-இல் இல்லினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் செய்த எஃகுக் கலப்பை, ஒட்டும் மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது. ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் இருந்த நெடும்புல் நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. பெரிய அளவில் தப்பியது கான்சஸின் பிளின்ட் ஹில்ஸ். கல் பூமி, கலப்பை இறங்கவில்லை. மற்றபடி ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இழந்ததை மறுபடி உண்டாக்கும் முயற்சி 1930-களில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் பழைய விவசாய நிலத்தில் நாற்றும் விதையும் கொண்டுவந்து போட்டார்கள். இன்று அதற்குக் கர்டிஸ் பிரெய்ரி என்று பெயர். அவ்வப்போது நெருப்பு வைத்தால்தான் மரமும் புதரும் ஏறாமல் புல் நிலைக்கும் என்பதை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். அந்த மண்ணின் பழங்குடிகள் இதை எப்போதோ செய்துவந்தார்கள். அதே விஸ்கான்சினில், பாழ்பட்ட ஒரு பண்ணையை வாங்கிய இயற்கையியலாளர் ஆல்டோ லியோபால்டு, எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பறவை என்று வந்தது என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தார். பிற்பாடு அவர் மகளும் அதைத் தொடர்ந்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது வசந்தம் முந்தி வருவது தெரிந்தது. இப்படி எழுதிவைப்பதை ஆங்கிலத்தில் 'நேச்சர் ஜர்னல்' என்பார்கள். அந்தப் பழக்கத்தை நாம் 'பருவக் குறிப்பேடு' எனலாம். 'இயற்கை நாட்குறிப்பு' என்றால் அன்றைய மனநிலையை எழுதுவது போல ஒலிக்கிறது. இதில் முக்கியம் தேதி.

இப்போது அந்த ஊர்களில் பலர் வீட்டு முன்புறத்தில் வெட்டிவெட்டிப் பராமரிக்கும் புல்லை அகற்றிவிட்டு, பிரெய்ரிச் செடிகளை நடுகிறார்கள். அகற்றப்படுவது பெரும்பாலும் 'கென்டக்கி புளூகிராஸ்'. பெயரில்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலிருந்து. இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'புல்வெளியை எடுத்துவிட்டுப் புல்வெளி வைத்தார்கள்.' யாருக்குப் புரியும்? 'லான்' என்பதற்கும் பிரெய்ரிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதன் விளைவு இது.

என் யோசனை எளியது. 'வெளி' என்றால் விரிந்து கிடப்பது. வீட்டு வாசலில் கத்தரித்து வைத்த பச்சைச் சதுரம் வெளி ஆகாது. அதற்குப் 'புல்தரை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. புல்வெளியைப் பிரெய்ரி, ஸ்டெப்பி வகைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். உயரம் சொல்ல வேண்டிய இடத்தில் நெடும்புல்வெளி, குறும்புல்வெளி. பிரெய்ரி என்பது அந்த நிலத்தின் பெயராக அப்படியே இருக்கட்டும். சங்கச் சொல்லான 'புறவு' அழகாகத்தான் இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் அது முல்லை நிலம். அதைச் சொன்னதும் கார்மழையும் கொன்றையும் கூடவே வந்துவிடும். கான்சஸுக்கு ஒட்டாது.

'நேட்டிவ் பிளான்ட்' என்பதற்கும் இதே கவனம் வேண்டும். 'பூர்வீகத் தாவரம்' என்றால் பூர்வீகச் சொத்து நினைவுக்கு வருகிறது. நம் இயற்கை ஆர்வலர்கள் எழுதும் 'இயல் தாவரம்', அதற்கு எதிராக 'அயல் தாவரம்', இந்த இணை கச்சிதம். இயல்பு என்பது ஊரைப் பொறுத்தது என்பதும் அதில் தங்குகிறது. மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு அங்கே 'மில்க்வீட்' என்ற பால்செடியைத் தின்னும். அதன் உறவான வெந்தய வரியனின் புழு இங்கே எருக்கைத் தின்னும். பால்செடியும் எருக்கும் ஒரே குடும்பம். ஆனாலும் எருக்கை அங்கே நட்டால் அது அயல் தாவரம்தான்.

'நாட்டுச் செடி' என்று சொல்லலாமே என்பார்கள். நாட்டுக்கோழி, நாட்டுத் தக்காளி வரிசையில் காதுக்கு இதம்தான். ஆனால் யாருடைய நாடு? சிகாகோ பக்கத்துத் தமிழ் வீட்டில் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையும் நாட்டுச் செடிதான். உறைபனி தொடங்குமுன் அதைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். வாசலில் நட்ட எக்கினேசியா என்ற பிரெய்ரிப் பூச்செடியோ பனிக்குள் கருகிக் கிடந்து வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கும்.