நெற்றி விளக்கும் கண்ணுக்கு எட்டாத நிழலும்

நெற்றி விளக்கு எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது லூமன் எண்தான். 300, 600, 1200 என்று அது ஏறிக்கொண்டே போகும். விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளியின் அளவு அது. அந்த ஒளி எங்கே போய் விழுகிறது, இரவுப் பாதையில் நடக்கிற உங்கள் கண்ணுக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதை அந்த எண் சொல்லாது. காட்டுப் பாதையிலோ மலைச் சரிவிலோ காலை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது விளக்கு அல்ல, கண். அதனால் கண்ணிலிருந்து தொடங்குவதே சரி.

நெற்றியில் கட்டிய விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இரண்டு கைகளும் ஓய்வாக இருக்க, பார்க்கும் திசையிலேயே ஒளி விழுகிறது. பெரிய வசதிதான். ஆனால் இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. மூன்று மீட்டர் தள்ளிப் பாதையில் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், கல்லுக்குப் பின்னால் விழும் நிழலின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணுக்கு அந்தக் கல் மறைக்கிற தரையின் நீளமும் ஏறக்குறைய அதே 10 சென்டிமீட்டர். ஆக, நிழல் முழுவதும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. உங்களுக்கு அது தெரியவே தெரியாது. மேடு பள்ளத்தை மூளை பெரும்பாலும் நிழலை வைத்துத்தான் கணிக்கிறது. நிழல் இல்லாத பாதை தட்டையாகத் தெரியும். வெளிச்சம் தாராளமாக இருந்தும் கால் இடறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில், அதாவது ஒரு மீட்டரில், பிடித்துப் பாருங்கள். நிழல் 16 சென்டிமீட்டராக நீள்கிறது. முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் 33 சென்டிமீட்டர். கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல் மட்டும் திடீரென்று எழுந்து நிற்பதுபோல் தெரியும். கரடுமுரடான இடத்தில் லூமனைக் கூட்டுவதைவிட விளக்கைக் கையில் எடுத்துத் தாழ்த்திப் பிடிப்பது அதிகம் உதவும். இரவில் ஓடுகிறவர்கள் சிலர் இடுப்பிலும் ஒரு விளக்கைக் கட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

மூடுபனியிலும் இதே வடிவியல்தான் வேலை செய்கிறது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் ஒளியின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்கு கண்ணருகே இருப்பதால் அது நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சுவரும் தடிக்கும். அங்கே ஒளியைக் குறைப்பதும், விளக்கை இடுப்புக்கு இறக்குவதும்தான் வழி.

இதே நெருக்கம் ஓர் அழகான காட்சியையும் தருகிறது. பூனை, மான், ஓநாய்ச் சிலந்தி போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. அது ஒளியைப் பெரும்பாலும் வந்த திசைக்கே அனுப்புவதால், விளக்கு கண்ணருகே இருக்கும்போதுதான் அந்த மினுக்கம் நமக்குத் தெரியும். புல்தரையில் பனித்துளிபோல் மின்னும் புள்ளிகளை நெருங்கிப் பார்த்தால், அவற்றில் சில சிலந்தியின் கண்களாக இருக்கும். விளக்கைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்தால் அந்த மினுக்கம் அணைந்துவிடும். கூடாரக் கயிறுகளில் ஒளி திருப்பும் இழைகளைச் சேர்த்து நெய்வதும் இந்தத் தத்துவத்தை நம்பித்தான்.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைக் கேண்டெலாவிலும், ஒரு பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸிலும் அளக்கிறார்கள். தூரம் இரட்டித்தால் விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ஒளிக்கற்றைத் தூரம், எஃப்எல்1 என்ற தர அளவீட்டின்படி, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம். அது தெளிந்த வானத்து முழுநிலவின் வெளிச்சம் அளவுதான். 2,500 கேண்டெலா விளக்கு என்றால் அந்தத் தூரம் 100 மீட்டர். 200 மீட்டர் வேண்டுமானால் 10,000 கேண்டெலா தேவை. அந்த எல்லையில் ஏதோ இருக்கிறது என்று தெரியுமே தவிர, அது மரவேரா பாம்பா என்று தெரியாது. நம்பி நடக்க அதில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதும் இல்லை. 200 லூமனை 400 ஆக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்றாது. ஓரளவு கூடியதாகவே தோன்றும். நடைக்கு 100 முதல் 200 லூமனும் அகலமான ஒளிக்கற்றையும் போதும் என்பது என் கருத்து. கூடாரத்துக்குள் 10 லூமனே தாராளம். வேகமாக ஓடுவதற்கும் சைக்கிளில் இறங்குவதற்கும் மட்டுமே தொலைவில் விழும் செறிந்த கற்றை அவசியமாகிறது.

பேட்டரி விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போடப் பழகிக்கொள்வது நல்லது. 18650 வகை லித்தியம் அயனி பேட்டரி ஒன்றில் 3,000 மில்லி ஆம்பியர் மணி இருந்தால், 3.6 வோல்ட்டில் அது ஏறக்குறைய 11 வாட் மணி ஆற்றல். ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைத்தால், 200 லூமனில் ஐந்தரை மணி நேரம் எரியும். அதே பேட்டரியோடு ‘200 லூமன், 40 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், ஒளி வழியில் இறங்கிவிடும் என்று பொருள். எஃப்எல்1 அளவீட்டில், தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை விளக்கு எரிவதாகவே கணக்கு. உச்ச வெளிச்சத்தின் ஆயுள் இன்னும் குறைவு. எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. அந்தச் சிறிய கூட்டில் வெப்பம் வெளியேற வழி போதாததால், சில நிமிடங்களிலேயே விளக்கு தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

கடுங்குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும். மறுமின்னேற்றம் செய்ய முடியாத லித்தியம் பேட்டரிகள் மைனஸ் 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். லித்தியம் அயனி பேட்டரியை உடலோடு ஒட்டிய பையில் வைத்துக் காப்பாற்றுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யவே கூடாது.

சிவப்பு விளக்கை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைக் கோல் செல்கள் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அத்தனையையும் நொடிகளில் கலைத்துவிடும். சுமார் 640 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை அந்தச் செல்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிவப்பும் மங்கலாக இருந்தால்தான் பயன். அந்த ஒளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் காணாமல் போகும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வெள்ளை எல்இடியின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீல ஒளி தரும் சிப்பின் மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசித்தான் அந்த வெள்ளை கிடைக்கிறது. திறன்மிக்க நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குளிர்ந்த வெள்ளையில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருப்பதால், மண்ணும் சருகும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். வெள்ளையின் சாயலைக் குறிக்கும் நிற வெப்பநிலை 4,000 கெல்வினை ஒட்டிய, நிறங்களைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேலுள்ள விளக்கு லூமனில் சற்றுக் குறைந்தாலும் நான் அதையே எடுப்பேன்.

தண்ணீரைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஐபிஎக்ஸ் தரத்தில், மழைத்தூறலுக்கு ஐபிஎக்ஸ்4 போதும். தண்ணீரில் விழ வாய்ப்பிருந்தால் ஐபிஎக்ஸ்7 வேண்டும். பைக்குள் தானாக எரிந்துவிடாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, தலையைக் குனியாமலே விளக்கை மட்டும் கீழே சாய்க்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எதிரில் இருப்பவரோடு பேசத் திரும்பும்போது ஒளி அவர் கண்ணில் அடிக்காமல் காப்பது அந்தச் சாய்வுதான். கூடவே மிகச் சிறிய இன்னொரு விளக்கும் பையில் இருக்கட்டும். இருட்டில் முதல் விளக்கின் பேட்டரியை மாற்றுவதற்கே அது தேவைப்படும்.